முதல் தேத்தண்ணி வரைக்கும்

நானா,

போன ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் மோட்டார் சைக்கிளில் ஏறி முன்னுக்கு உட்கார்ந்தேன். எங்கேயும் போகவில்லை. கராஜுக்குள் ஸ்டாண்டில் நின்றபடியே, இரண்டு கையாலும் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அந்தச் சீற்றில் எத்தனையோ ஊர் போய் வந்தவன் நான். ஆனால் எல்லாம் பின்னுக்கு இருந்துதான். முன்பக்கம் கல்லுப்போல் இருந்தது. இவ்வளவு கடினமான சீற்றில் அரை நாள் முழுக்க எப்படி நோகாமல் போனோம் என்று யோசித்தேன். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய், நான் வழக்கமாக இருக்கும் இடத்தை அமத்திப் பார்த்தேன். அது மெத்தைபோல் உள்ளே போனது.

ஒரே உறை, ஒரே தையல், ஒரே நிறம். வெளியில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இறங்கிப்போய், மேசை லாச்சியிலிருந்து அடிமட்டத்தை எடுத்துவந்து அளந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள். பின்பக்கம் ஒரு விரல் தடிப்புக்கு உயர்ந்திருந்தது. இது ஏன் என்று உங்களிடம் கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே கராஜ் கதவைச் சாத்தினேன். பூட்டைப் போடும்போதுதான் நினைவு வந்தது.

நீங்கள் போன பிறகு சைக்கிளைக் கொண்டுவந்து விட்டது உங்கள் மகன். திறப்பை என் உள்ளங்கையில் வைத்து, "வாப்பா செல்லிட்டுத்தான் பெய்த்தீக்கிற மாமா, இது உங்களுக்குண்டு," என்றான். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் முச்சக்கர வண்டியில் ஏறிப் போய்விட்டான். அன்றிலிருந்து அது கராஜில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்திவிடுவேன். வாலிபத்தில் ஓட்டிப் பழகியவன்தான், ஆனால் இதைக் கேற்றுக்கு வெளியே கொண்டுபோனதில்லை. சைக்கிளின் பக்கப் பெட்டிக்குள் உங்கள் மழைக் கோட்டு மடித்தபடி இருக்கிறது. திறக்கும்போது அத்தரும் செயின் எண்ணெயும் சேர்ந்த ஒரு வாசம் வரும். கூடுதலாகத் திறப்பதில்லை. திறந்தால் வாசம் குறைந்துவிடும் என்று ஒரு பயம்.

ரொறன்ரோவிலிருந்து மகள் கிழமைதோறும் ஃபோன் எடுக்கிறாள். "அப்பா, அதை வித்துப்போடுங்கோ. சும்மா நிண்டு துருப்பிடிக்கப் போகுது," என்கிறாள். இந்தத் தடவை, விற்பதற்கு முன் நாம் போகாமல் விட்ட அந்தப் பயணத்தை ஒருக்கால் போய் வரலாமென்று இருக்கிறேன் என்று சொன்னேன்.

"தனியவோ?"

"ஓம்."

"உங்களுக்கு என்ன விசரோ அப்பா? கண்டி ரவுனுக்குள்ள வீதி கடக்கவே பத்துத்தரம் யோசிக்கிற ஆள்."

அவள் சொன்னது சரி. அதனால் கோபம் வரவில்லை. ஐப்பசி பிறந்தால் கிழக்கில் மழை தொடங்கிவிடும். அதற்குள் போகாவிட்டால் அடுத்த வருஷம் என் முழங்கால் என்ன சொல்லுமோ தெரியாது. போவதென்றால் இப்போது. இல்லையென்றால் மகள் சொன்னபடி விற்றுவிடவேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் இத்தனை நாளும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் இந்த மடலை எழுதத் தொடங்கினேன். உங்களிடம் சொன்னால் ஏதாவது பகிடி சொல்வீர்கள். பகிடியிலிருந்து எனக்கு ஒரு முடிவு கிடைக்கும். எப்போதும் அப்படித்தானே நடந்தது.

உங்கள் கடைக்கு நான் முதன்முதல் வந்த நாளை நீங்கள் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லியே என் மானத்தை வாங்கினீர்கள். என் மனைவி காலமாகிச் சில மாதங்கள் இருக்கும். குசினிப் பைப் ஒழுகிக்கொண்டே இருந்தது. நீர்ப்பாசனக் காரியாலயத்தில் ஆயுசு முழுக்கப் படம் வரைந்தவன் நான், வேறொன்றும் தெரியாது. பைப்பைக் கழற்றி, உள்ளே இருந்த வாசரை அளந்து, மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று இரண்டு படம் வரைந்து, கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ் ஏறி மடவளையில் உங்கள் ஹார்ட்வெயார் கடையில் வந்து இறங்கினேன். நீங்கள் அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தீர்கள்.

"அல்லாவே, ஒரு வாசருக்குப் பிளான் வரஞ்சிக்கிட்டு வந்த மொத ஆள் நீங்கதான் அண்ணன். நகரசபையில ஒப்பம் வாங்கலியா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நீங்கள் அதைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தி, கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி வரவழைத்தீர்கள். மனைவி போனதை நான் சொல்லவில்லை. ஆனால் வாசரை நீங்களே கொண்டுவந்து மாட்டித் தருவதாகச் சொன்னீர்கள். சொன்னபடி பின்னேரம் வந்தீர்கள். சிவப்பு டாங்கி வைத்த இதே சைக்கிளில்.

ஊரெல்லாம் உங்களை நானா என்று கூப்பிட்டதால் நானும் நானா என்றேன். நீங்கள் என்னை அண்ணன் என்றீர்கள். ஒரு நாள் வயதைச் சொல்லிப் பார்த்தபோது நான் நாலு வயது மூப்பு. "அப்ப மாத்துவோமா?" என்று கேட்டேன். "வாணாம், ரெண்டு பேரும் மூத்தவங்களா ஈக்கட்டும்," என்றீர்கள். அது அப்படியே நின்றது.

பயணம் போகலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நோன்புப் பெருநாள் முடிந்து கடை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. மட்டக்களப்புக்குப் போய் வருவோம் என்றீர்கள், கண்டி ரவுனுக்குப் போய் வருவோம் என்பதுபோல. நான் திட்டம் போடுவதற்கு ஒரு மாதம் அவகாசம் கேட்டேன். "ஒரு மாசமா? மட்டக்களப்ப நீங்க கட்டவா போறீங்க?" என்று கேட்டீர்கள். ஆனாலும் விட்டுக்கொடுத்தீர்கள்.

அந்தத் திட்டத்தை இன்றைக்கும் நான் ஒரு நல்ல வேலை என்றுதான் நினைக்கிறேன். எங்கே பெற்றோல் கிடைக்கும், ஒரு ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் எவ்வளவு தூரம், டாங்கி நிரப்பினால் எதுவரை போகும், உடதும்பரவுக்கு அப்பால் மலையிறங்கும் பதினெட்டு வளைவில் எந்த வளைவில் மணல் கிடக்கும், மகாஓயாக் காட்டில் யானை எந்த நேரத்தில் வீதிக்கு வரும், கிளச் கேபிள் அறுந்தால் எங்கே வாங்கலாம், மழை பெய்தால் எங்கே ஒதுங்கலாம். எல்லாம் வேகமாக வாசிக்கத்தக்க எழுத்தில், மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கத்தக்க அளவில். நீங்கள் எடுத்துக்கொண்டது ஒரு ஸ்பார்க் பிளக், அதைக் கழற்றும் சாவி, ஒரு பொலித்தீன் பை. "மத்தது எல்லாத்துக்கும் ஊருக்கு ஊரு ஹார்ட்வெயார் கட ஈக்கி. அவங்களும் வாழவேணுமே," என்றீர்கள்.

விடிய வெளிக்கிட்டு, திகனவில் பெரிய வீதியில் ஏறி, தெல்தெனிய தாண்டி, குளிரில் பல் கிட்ட ஹுன்னஸ்கிரியவில் நிறுத்தினோம். வீதியோரத் தேத்தண்ணிக் கடை. உங்களுக்குச் சீனி இல்லாமல் பிளேன்டீ, எனக்கு இரண்டு கரண்டிச் சீனி. நான் திட்டத்தை விரித்து, அடுத்த பகுதியை வாசிக்கத் தொடங்கினேன். நீங்கள் கையை நீட்டி வாங்கி, நாலாக மடித்து, உங்கள் கிளாஸுக்கு அடியில் வைத்தீர்கள்.

"மொத தேத்தண்ணி வரைக்கும் உங்கட பிளான். இதுக்குப் பொறகு ரோட்டு செல்லும்."

அதுதான் நமக்கிடையில் சட்டமானது. பிறகு எத்தனை பயணம் போனாலும், முதல் தேத்தண்ணி வரை நான் சொல்வதை ஒரு வார்த்தை மறுக்காமல் கேட்பீர்கள். இந்த மூலையில் ஹோர்ன் அடியுங்கள் என்றால் அடிப்பீர்கள். மெல்ல என்றால் மெல்ல. தேத்தண்ணி குடித்ததும் திட்டம் உங்கள் சட்டைப்பைக்குள் போய்விடும். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கக்கூடாது. நான் திறப்பேன். அது வேறு.

அந்த முதல் பயணத்தில், வளைவுகளெல்லாம் இறங்கி, மகியங்கனையில் ஆற்றைக் கடந்து, பதியத்தலாவையில் பெற்றோல் அடித்துக்கொண்டு, காட்டு வீதியில் போய்க்கொண்டிருந்தோம். வெயில் ஏறியிருந்தது. வழக்கமாக ஏதாவது பேசிக்கொண்டே ஓட்டுகிற நீங்கள் பேசவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். உங்கள் கண் இரண்டு பக்கமும் எதையோ தேடிக்கொண்டிருந்தது. யானையோ என்று நானும் இரண்டு பக்கமும் பார்த்தேன்.

"என்ன நானா?"

"ஒண்டுமில்ல."

"இல்லை, என்னவோ இருக்கு. சொல்லுங்கோ."

கொஞ்சத் தூரம் போன பிறகு சொன்னீர்கள். "இண்டைக்கி வெள்ளிக்கிழம அண்ணன். ஜும்ஆவுக்கு எங்க நிப்பாட்டுறண்டு போட்டீக்கிறீங்க?"

யானைக்கு நேரம் குறித்திருந்தேன். மணலுக்கும் மழைக்கும் இடம் குறித்திருந்தேன். என் முன்னால் இருக்கிற மனிதருக்கு அன்று நடுப்பகலில் ஒரு பள்ளிவாசல் வேண்டும் என்பது மாத்திரம் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

"உங்களுக்குத் தெரியும்தானே நானா, நீங்களாவது முதலே சொல்லியிருக்கலாமே?"

"யானைக்கே டைம் போட்ட ஆள், எனக்குப் போடாம ஈப்பாராண்டு நெனச்சேன்," என்றீர்கள். "மடிச்சதுக்குப் பொறகு தொறந்து பாக்கப்படாதே. நான் போட்ட சட்டம்."

திட்டம் போட்டவன் வெள்ளிக்கிழமையை மறந்தான். திட்டத்தை நம்பியவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. இப்படி ஒரு பிழையை நம் இரண்டு பேரையும் தவிர வேறு யாராலும் விட்டிருக்க முடியாது. சுற்றிவரக் காடு. ஒரு மினாராவும் கண்ணுக்கெட்டவில்லை. "இறுக்கிப் புடிங்க," என்று மட்டும் சொன்னீர்கள். அந்த வேகத்தை நான் இன்றைக்கும் முதுகில் உணர்கிறேன். கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த தேவாரம் எல்லாவற்றையும் உங்கள் ஜும்ஆவுக்காகச் சொல்லி முடித்தேன். செங்கலடிச் சந்தியில் திரும்பி ஏறாவூர்ப் பள்ளிவாசல் வாசலில் நீங்கள் பிரேக் பிடித்தபோது உள்ளே குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. ஹெல்மட்டை என் கையில் திணித்துவிட்டு ஓடினீர்கள்.

எதிர்ப்பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் இரண்டு ஹெல்மட்டோடு நின்றேன். பக்கத்துக் கடைப் பெரியவர் ஒருவர் தானும் தொழுகைக்கு ஓடுகிற அவசரத்தில் கதிரையொன்றைக் கொண்டுவந்து வைத்து, "இரிங்க வாத்தியார், இந்தா வந்திருவாங்க," என்றார். என்னை ஏன் வாத்தியார் என்றார் என்று தெரியவில்லை. இருந்தேன். வீதி முழுக்க ஓய்ந்து கிடந்தது. அந்த அரைமணித்தியாலம் என் வாழ்க்கையில் அதிக நிம்மதியான அரைமணித்தியாலங்களில் ஒன்று. யாரோ ஒருவர் வெளியே வரப்போகிறார், அவருக்காக நான் காத்திருக்கிறேன் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. மனைவி போன பிறகு நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

வெளியே வந்தீர்கள். தலைமயிர் ஈரமாக இருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு. பெட்டியைத் திறந்து வாழையிலைப் பார்சல் இரண்டை எடுத்தீர்கள். எனக்குத் தந்ததில் இடியப்பம், பூசணிக்காய்க் கறி, தேங்காய்ச் சம்பல்.

"பயப்படாமத் திண்ணுங்க. வெள்ளிக்கிழம நீங்க மீனு, எறச்சி, மச்சம் ஒண்டும் திங்கமாட்டீங்களே. சம்பலுக்கு மாசிக் கருவாடு போடல்ல. சட்டியும் வேற, கரண்டியும் வேற."

நான் உங்களிடம் அதை ஒருதரம்தான் சொல்லியிருந்தேன், எப்போதோ, வேறொரு பேச்சுக்கிடையில். ஒரு பிளக்கும் ஒரு பையும் போதும் என்று வந்த மனிதர், மாசி போடாத சம்பலை நினைத்து வைத்திருந்தார். இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். நிமிர்ந்தால் ஏதாவது சொல்லவேண்டி வந்திருக்கும்.

அடுத்த பயணத்திலிருந்து என் திட்டத்தில் முதல் வரி தொழுகை நேரமாக இருந்தது. நீங்கள் அதைப் பார்த்துச் சொன்னீர்கள்: "பிரயாணத்தில ஈக்கிற ஆளுக்குச் சலுக ஈக்கி அண்ணன். நாலு ரக்அத் தொழுகைய ரெண்டாச் சுருக்கலாம். ரெண்டு நேரத் தொழுகையச் சேத்துத் தொழலாம். அல்லாவே சுருக்கித் தந்தீக்கிறான். நீங்க ஏன் நீட்டுறீங்க?" அன்று அதை ஒரு பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். விடாமல் செய்யவேண்டியது என்று ஒன்று இருக்கிறது. அதையே வீதியில் போகிறவனுக்குச் சுருக்கித் தருகிற ஒரு கருணையும் இருக்கிறது. எவ்வளவு திட்டம் போடவேண்டும் என்று நாம் வருஷக்கணக்காகச் செய்த வாக்குவாதத்துக்கு நீங்கள் அன்றே பதில் சொல்லிவிட்டீர்கள் போலிருக்கிறது. சுருக்கத் தெரிந்தால் எவ்வளவும் போடலாம். எனக்குப் போடத்தான் தெரிந்தது. சுருக்க நீங்கள் இருந்தீர்கள்.

பெற்றோல் இல்லாத அந்த வருஷத்தில் எங்கேயும் போகவில்லை. கட்டுகஸ்தோட்டை ஷெட்டில் வரிசை பாலத்தையும் தாண்டி வளைந்து நின்றது. நீங்கள் சைக்கிளைத் தள்ள, நான் பின்னால் கை கொடுக்க, காலையிலிருந்து பின்னேரம் வரை ஒரு லாம்புக் கம்பத்திலிருந்து அடுத்த லாம்புக் கம்பத்துக்குப் போனோம். "இதயும் பிரயாணமா எழுதிக்கங்க," என்றீர்கள். வரிசையில் நின்ற ஆட்களிடம் என்னைக் காட்டி, "இவரு எஞ்சினியர் தொர. ஷெட்டுக்கு எத்தின மணிக்குப் பெய்த்துச் சேருவோம்ண்டு கணக்குப் போட்டீக்கிறாரு," என்று அறிமுகம் செய்தீர்கள். பெற்றோல் பவுசர் வரவில்லை என்ற செய்தி வந்தபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், ஏதோ நான் கணக்கைப் பிழைவிட்டதுபோல. அந்த வரிசையில்தான், நடைபாதையில் உட்கார்ந்தபடி, அந்தப் பெரிய பயணத்தைப் பேசினோம். மட்டக்களப்பு வரை பழைய வீதி. பிறகு கரையோரமாகவே வடக்கே ஏறி, திருகோணமலை தாண்டி, முல்லைத்தீவு தாண்டி, வடமராட்சியில் நான் பிறந்த ஊர் வரைக்கும். "உங்கட ஊரு கடல ஒருக்கப் பாக்கவேணும்," என்றீர்கள்.

பெற்றோல் வந்தது. அதற்குப் பிறகு கடை வேலை வந்தது, உங்கள் மகனின் கலியாணம் வந்தது, என் கண் ஒப்பரேஷன் வந்தது. பிறகு உங்கள் நெஞ்சுநோ வந்தது.

ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்த கடைசிப் பகலில் திட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். அது சரியா என்று வாசல்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். கட்டிலில் கிடக்கிற மனிதரிடம் பெற்றோல் ஷெட்டைப் பற்றிப் பேசுவதா? ஆனால் நீங்கள் என் சட்டைப்பையைத்தான் முதலில் பார்த்தீர்கள்.

"எத்தின பக்கம்?"

"ரெண்டு."

"கொறஞ்சீக்கி. நல்லம். வாசிங்க."

வாசித்தேன். விடிய வெளிக்கிடுவது, உங்கள் கேற்றடியில் நான் நிற்பது, திகன, தெல்தெனிய, மலையேற்றத்தில் இரண்டாம் கியர், குளிர், ஹுன்னஸ்கிரிய, சீனி இல்லாத பிளேன்டீ ஒன்று, சீனி போட்டது ஒன்று. அதற்குமேல் வாசிக்கப் போனபோது உங்கள் கை போர்வைக்கு மேலால் லேசாக அசைந்தது, மடிக்கச் சொல்வதுபோல. மடித்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நேர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை பக்கத்தில் இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மையவாடியில் எல்லோரும் மூன்று பிடி மண் போட்டார்கள். நான் போடலாமா கூடாதா என்று தெரியாமல் பின்னுக்கு நின்றேன். உங்கள் மகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து முன்னுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

இப்போது அந்த இரண்டு பக்கத் திட்டம் இருபது பக்கமாகிவிட்டது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கிளச் கேபிளோடு பிரேக் கேபிளும் சேர்ந்தது. ஆஸ்பத்திரிகள் எங்கெங்கே என்று சேர்ந்தது. வளைவில் விழுந்தால் யாரைக் கூப்பிடுவது, முழங்கால் பிடித்துக்கொண்டால் எங்கே தங்குவது, ஃபோன் வேலை செய்யாத இடங்கள், நாய்கள் துரத்தும் இடங்கள். பின்னேரங்களில் வேறு வேலை இல்லை; தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு மேசைக்கு வந்தால் இன்னொரு பக்கம் எழுதிவிடுவேன். பயத்தினால்தான் எழுதுகிறேன் என்று நினைத்தேன். அது முழுக்கச் சரியில்லை. எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். நாய் துரத்தும் இடங்களுக்கு என்ன சொல்வீர்கள்? சிரிக்க ஆள் இல்லாத திட்டம் வளர்ந்துகொண்டே போகும் நானா. அதற்கு முடிவு இல்லை.

சீற்றைப் பற்றிய விஷயம் செவ்வாய்க்கிழமை தெரிந்தது. எனக்குத் தங்கச்சியான உங்கள் மனைவி, வெளியார் முகம் பார்க்காமல் வீட்டோடு இருந்த இத்தா முடிந்துவிட்டது என்று உங்கள் மகன் சொன்னபோது, பயணம் போகும் எண்ணத்தை அவனிடமும் சொன்னேன். இருந்த அத்தனை மாதமும் வாசலோடு நின்று சுகம் கேட்டுவிட்டு வந்தவன், அன்றுதான் உள்ளே போனேன். தங்கச்சி முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு அறைக் கதவோடு நின்றார். மெலிந்திருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், சைக்கிள் எஞ்சின் நன்றாக ஓடுகிறது, சீற்றுத்தான் முன்பக்கம் கொஞ்சம் கடினம், ஏன் அப்படி என்று விளங்கவில்லை என்றேன்.

தங்கச்சி சிரித்தார், சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

"அது முன்னுக்கு இருந்த பஞ்ச எடுத்துத்தானே பின்னுக்கு வச்சது அண்ணன். மொதல்ல மட்டக்களப்புக்குப் பெய்த்து வந்தீங்களே, எறங்கி நொண்டி நொண்டி நடந்தீங்களாம். அடுத்த நாளே சீட்டக் கழட்டிக்கொண்டு குஷன் வேல செய்ற ஆள்ட்ட போனாரு. பஞ்சு கூட்டிப் போட்டா ரெண்டு பேருக்கும் காலு எட்டாதுண்டாராம் அந்த ஆள். அப்ப எண்டத எடுத்து அங்க வைய்யிண்டு செல்லிட்டு வந்தாரு."

"என்னட்டை ஒருநாளும் சொல்லேல்லையே!"

"சென்னா நீங்க பின்னுக்கு ஏற மாட்டீங்களாம். எனக்கும் செல்ல வாணாம்ண்டாரு. ஒவ்வொரு தடவயும் பெய்த்து வந்து ரெண்டு நாளக்கி இடுப்புக்கு எண்ண போடுறது நான்தான்."

நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். திட்டம் போடாத மனிதர் என்று உங்களை இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

"போறீங்களாமே," என்றார் தங்கச்சி. "மகன் சென்னான். எண்டக்கி?"

எனக்கே தெரியாத பதிலை அவர் கேட்டார். கராஜையும் மகளையும் இருபது பக்கத்தையும் நினைத்தேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"வெள்ளிக்கிழமை."

"அப்ப சாப்பாட்டுப் பார்சல வியாழக்கிழம பின்னேரம் மகன்ட்ட குடுத்தனுப்பேலாது, பழுதாகிரும். விடிய இங்கால வந்துட்டுப் போங்க. மாசி போடமாட்டேன்."

இதுவரைக்கும் வீட்டு மேசையில் எழுதினேன். மிச்சத்தை ஹுன்னஸ்கிரியவில் இருந்து எழுதுகிறேன், திட்டத்தாளின் பின்பக்கத்தில். ஓம், வந்துவிட்டேன். மெதுவாகத்தான் வந்தேன், ஒரு லொறி, இரண்டு பஸ், ஒரு உழவு இயந்திரமும் என்னை முந்திக்கொண்டு போயின. மூலைகளில் ஹோர்ன் அடித்தேன். அடி என்று சொல்ல ஆள் இல்லாததால் நானே வாய்விட்டுச் சொல்லிவிட்டு அடித்தேன்.

அதே கடை. கடைக்காரப் பெண் என்னை அடையாளம் கண்டு, உங்களோடு வரும் மற்ற மாத்தயா எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். அவர் கையிலிருந்த துணியால் துடைத்த மேசையையே திரும்பவும் துடைத்தார். "சீனி போடாமல் குடிப்பவர்," என்றார். பிறகு உள்ளே போய், என் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு கரண்டிச் சீனி. எவ்வளவு என்று கேட்கவில்லை.

இருபது பக்கத்தையும் கொண்டுவரவில்லை நானா. ஒன்றுதான் கொண்டுவந்தேன். ஹுன்னஸ்கிரிய வரைக்கும் உள்ளது. அதை இப்போது நாலாக மடித்துக் கிளாஸுக்கு அடியில் வைக்கவேண்டும்; எழுதிக்கொண்டிருப்பதால் இன்னும் வைக்கவில்லை. இதுக்குப் பொறகு ரோட்டு செல்லும் என்பீர்கள். காது கொடுத்துப் பார்த்தேன். எனக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. பனிப்புகார் இறங்கிக்கொண்டிருக்கிறது, பதினெட்டு வளைவும் முன்னுக்கு இருக்கின்றன. திரும்பிப் போனாலும் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மகள் சந்தோஷப்படுவாள்.

ஆனால் இன்று வெள்ளிக்கிழமை. ஏறாவூரில் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது நான் எதிர்ப்பக்கம் அந்த மரத்தடியில் இருக்கவேண்டும். அந்தக் கூட்டத்தில் யாரும் எனக்காக வரப்போவதில்லை, அது தெரியும். கடைசி ஆள் வரும்வரை இருந்துவிட்டுச் சாப்பிடுவேன். அதற்குள் போய்ச் சேரவேண்டுமானால் இப்போதே எழும்பவேண்டும். என் வேகம் உங்கள் வேகம் இல்லை.

தங்கச்சி தந்த பார்சலைப் பின்சீற்றில், மெத்தைப் பக்கத்தில் கட்டியிருக்கிறேன். இவ்வளவு குலுக்கலிலும் இலை கசங்கவில்லை. முன்பக்கம் நோகிறது நானா. இதை நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. பரவாயில்லை, ஏறாவூர் வரைக்கும் தாங்குவேன்.